அம்மாவை யாராவது கேட்டார்களா?

வைகிங் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகத்துக்கு வருகிறது? கொம்பு வைத்த ஹெல்மெட், செம்பட்டைத் தாடி, கையில் கோடரி. சரிதானே?

முதல் காரியமாக அந்தக் கொம்புகளைக் கழற்றி வைத்துவிடலாம். வைகிங்குகள் சண்டைக்குப் போகும்போது கொம்பு ஹெல்மெட் போட்டார்கள் என்பதற்கு ஓர் ஆதாரமும் கிடையாது. 1876-ல் ஜெர்மனியில் வாக்னரின் இசை நாடகம் மேடையேறியபோது, அதற்கு உடை வடிவமைத்த கார்ல் எமில் டோப்லர் என்பவர் நடிகர்கள் தலையில் வைத்த கொம்புகள் அவை. பார்க்க நன்றாக இருந்தது. அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. கார்ட்டூன், தீப்பெட்டி, பீர் விளம்பரம் என்று எல்லா இடத்திலும் கொம்பு. ஓர் இனத்தின் தலையில் நாடகக்காரர் ஒருவர் மாட்டியதை நூறு வருஷத்துக்கு மேலாகியும் கழற்ற முடியவில்லை!

இன்னொன்று. 'வைகிங்' என்பது ஜாதியோ இனமோ அல்ல, அது ஒரு தொழில். கடல் கடந்து போய்க் கொள்ளையடிப்பது. ஸ்காண்டிநேவியாவில் முக்கால்வாசிப் பேர் ஆடு மேய்த்துக்கொண்டும் பார்லி விதைத்துக்கொண்டும்தான் இருந்தார்கள். மீதிப் பேர் செய்த காரியத்தில் எல்லோருக்கும் அந்தப் பெயர் வந்துவிட்டது. 793-ல் இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் தீவிலிருந்த மடத்தைச் சூறையாடியதில் இவர்கள் யுகம் தொடங்குவதாகவும், 1066-ல் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ் போரோடு முடிவதாகவும் சரித்திரப் புத்தகங்கள் கணக்கு வைத்திருக்கின்றன.

இந்த யுகத்தை வைத்து எடுத்த படங்களில் ஒன்றைப் பற்றித்தான் இந்த வாரம். 2022-ல் வந்த 'தி நார்த்மேன்'. இயக்குநர் ராபர்ட் எக்கர்ஸ். வந்த வருஷமே பார்த்து, "பிரமாதமான ஒளிப்பதிவு, ரத்தம் கொஞ்சம் ஜாஸ்தி" என்று ஒரு வரியில் முடித்துவிட்டேன். சமீபத்தில் இரண்டாம் தடவை பார்த்தபோது பக்கத்தில் என் சித்தி உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்ற பள்ளிக்கூட டீச்சர். வயது 78. வெட்டுக் குத்து வரும்போதெல்லாம் எழுந்து சமையலறைக்குப் போய், அடுப்பில் எதையாவது கிளறிவிட்டுத் திரும்பி வருவார். இந்தப் படத்தில் பாவம், நிறைய நடக்க வேண்டியிருந்தது.

பாதிப் படத்தில் சித்தி ஒரு கேள்வி கேட்டார். அதற்கு முன்னால் கதையைச் சொல்லிவிடுகிறேன். முழுக் கதையும் வரும். இனிமேல்தான் பார்க்கப்போகிறேன் என்பவர்கள் பக்கத்தை மடித்து வைத்துவிட்டு, பார்த்தபின் வந்து படிக்கலாம்.

* * *

கி.பி. 895. வடகடலில் ஒரு சின்ன ராஜ்ஜியம். ராஜா ஆர்வண்டில் போர் முடித்துக் காயத்தோடு வீடு திரும்புகிறார். ராணி குத்ரூன். பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன் ஆம்லெத். ராஜாவின் தம்பி ஃப்யோல்னிர்.

தம்பி அண்ணனைக் கொல்கிறான். பையன் மறைந்திருந்து பார்க்கிறான். அம்மாவைச் சித்தப்பன் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு போவதையும், அவள் அலறுவதையும் பார்க்கிறான். தப்பித்து ஒரு படகில் ஏறித் துடுப்புப் போடுகிறான். துடுப்பு வலிக்க வலிக்க மூன்று சபதங்களைத் திருப்பித் திருப்பிச் சொல்கிறான். அப்பாவுக்காகப் பழி வாங்குவேன், அம்மாவைக் காப்பாற்றுவேன், சித்தப்பாவைக் கொல்வேன். சின்னப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்கிற மாதிரி.

இந்தக் கதை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? ஆம்லெத் என்ற பெயரில் கடைசி எழுத்தை எடுத்து முன்னால் வைத்துப் பாருங்கள். ஹாம்லெட்! ஷேக்ஸ்பியருக்கு 400 வருஷம் முன்பே, சுமார் 1200-ஆம் ஆண்டில், டென்மார்க்கைச் சேர்ந்த ஸாக்ஸோ கிராமாட்டிகஸ் லத்தீனில் எழுதிவைத்த கதை இது. அங்கிருந்து பிரெஞ்சுக்குப் போய், அங்கிருந்து லண்டன் மேடைக்குப் போனது. நம்மிடமும் வந்தது. பம்மல் சம்பந்த முதலியார் 'அமலாதித்யன்' என்று பெயர் வைத்து ஹாம்லெட்டைத் தமிழ் மேடையில் ஏற்றினார். டென்மார்க் இளவரசன் சூரிய வம்சத்து ஆள் மாதிரி ஆகிவிட்டான். பெயர் மட்டும் பாருங்கள், கடல் கடந்து வந்தும் மூல ஓசையை விடவில்லை.

எக்கர்ஸ் செய்தது ஷேக்ஸ்பியரைத் தாண்டிப் பின்னால் போய் அந்தப் பழைய ஆளைப் பிடித்துக்கொண்டு வந்தது. யோசித்து யோசித்துக் குழம்புகிற இளவரசன் இல்லை இவன். யோசிக்கவே தெரியாது. வளர்ந்தவுடன் கழுத்தும் தோளும் ஒன்றாகிப் போன அலெக்ஸாண்டர் ஸ்கார்ஸ்கார்டாக வருகிறான். ஓநாய்த் தோல் போர்த்து, நெருப்பைச் சுற்றி ஆடி, வெறியேற்றிக்கொண்டு ஊரைத் தாக்கும் 'பெர்சர்க்கர்' கும்பலில் ஒருத்தன். தன்மேல் எறிந்த ஈட்டியை ஆகாயத்திலேயே பிடித்துத் திருப்பி எறிகிறான். 'சும்மா பில்ட்-அப்பு' என்று நினைக்காதீர்கள். ஐஸ்லாந்தின் பழைய 'சாகா' கதைகளில் இருக்கிற வித்தைதான் அது.

அந்தத் தாக்குதல் காட்சியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஜாரின் ப்ளாஷ்கேயின் கேமரா அவசரப்படுவதே இல்லை. வெட்டி ஒட்டாமல், பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே, ஒரே மூச்சில் எடுத்தது போல் போகிறது. சுவர் ஏறுகிறார்கள், கொல்கிறார்கள், நாய் குரைக்கிறது, கோழி ஓடுகிறது. முடிந்ததும் ஊர் ஜனங்களைத் தரம் பிரிக்கிறார்கள். உழைக்கத் தெம்பு உள்ளவர்கள் விலைக்கு. மற்றவர்கள், குழந்தைகள் உட்பட, ஒரு கொட்டகைக்குள். வெளியே தாழ்ப்பாள். தீ.

நம்ம ஹீரோ என்ன செய்கிறான்? தடுக்கிறானா? இல்லை. பார்க்கிறான். அவ்வளவுதான்.

பெரிய பட்ஜெட் படத்தில் கதாநாயகனை இப்படி நிறுத்துவதற்குத் தைரியம் வேண்டும். இந்தக் கும்பலில் மனசாட்சி உள்ள ஒரே ஆள் நம்ம ஆள்தான் என்று காட்டும் வழக்கமான தந்திரம் இங்கே இல்லை. 21-ஆம் நூற்றாண்டு ஆசாமி ஒருவனை 10-ஆம் நூற்றாண்டுக்குள் ஒளித்துவைக்கவில்லை எக்கர்ஸ். அந்தக் காலத்து மனசுக்குள் கதவைத் திறந்து நம்மைத் தள்ளி, வெளியே பூட்டிவிடுகிறார்.

தாக்கப்படும் ஊர் ஸ்லாவ் இனத்தவர்களின் ஊர். ஆங்கிலத்தில் அடிமைக்கு 'ஸ்லேவ்' என்ற வார்த்தையே 'ஸ்லாவ்' என்ற இனப் பெயரிலிருந்து வந்ததுதான். அத்தனை பேர் பிடித்து விற்கப்பட்டிருக்கிறார்கள். வைகிங்குகளின் மொழியில் அடிமை 'த்ரால்'. ஒரு படம் நம்மை 'என்த்ரால்' செய்தது என்று இன்றைக்கு விமர்சனத்தில் எழுதுகிறோமே, அதற்குள் உட்கார்ந்திருப்பது அந்த அடிமைதான்.

* * *

சித்தப்பன் கதைக்கு வருவோம். அவன் பிடித்த ராஜ்ஜியத்தை நார்வே ராஜா ஹரால்டு பிடுங்கிக்கொண்டார். இப்போது ஐஸ்லாந்தில் ஆட்டுப் பண்ணை வைத்துப் பிழைக்கிறான். அண்ணனைக் கொன்று சம்பாதித்தது கடைசியில் நாலு ஆடும் ஒரு புல்தரை வீடும்! ஆம்லெத் தனக்குத் தானே சூடு போட்டுக்கொண்டு, அடிமையாக வேஷம் போட்டு, அடிமைக் கப்பலில் ஏறி அந்தப் பண்ணைக்கே போய்ச் சேருகிறான். கூடவே ஓல்கா என்ற ஸ்லாவ் பெண், அன்யா டெய்லர்-ஜாய். உன் பலம் எலும்பை உடைக்கும், என் புத்தி மனசை உடைக்கும் என்கிற மாதிரி ஒப்பந்தம்.

அங்கே அம்மா இருக்கிறாள். சித்தப்பனின் மனைவியாக. அவனுக்குப் பெற்ற குன்னார் என்ற சின்னப் பையனைத் தலை கோதிக்கொண்டு.

இந்த இடத்தில்தான் சித்தி கேட்டார்.

"ஏண்டா, படம் ஆரம்பிச்சதுலேர்ந்து அம்மாவைக் காப்பாத்துவேன், அம்மாவைக் காப்பாத்துவேன்னு சொல்லிக்கிட்டே இருக்கானே... அவளை யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டாங்களா?"

"இருங்க சித்தி, வருது" என்றேன்.

வந்தது. ராத்திரியில் ஆம்லெத் வாளோடு அம்மாவின் அறைக்குள் நுழைகிறான். நான்தான் உன் பிள்ளை, காப்பாற்ற வந்திருக்கிறேன் என்கிறான். நிக்கோல் கிட்மன் அவனைப் பார்க்கிறார். கண்ணீர் வரும் என்று எதிர்பார்க்கிறோம். சிரிப்பு வருகிறது.

உன் அப்பன் ராஜாவாக என்னைக் கைப்பிடித்தவன் இல்லை, என்னை அடிமையாகப் பிடித்துவந்தவன். நீ என் விருப்பத்தில் பிறந்தவன் இல்லை. அவனைக் கொல்லச் சொல்லி ஃப்யோல்னிரைக் கெஞ்சியது நான்தான். உன்னையும் சேர்த்து.

இதுதான் அவள் சொல்வதன் சாரம். இருபது வருஷம் அவன் சொல்லிக்கொண்டிருந்த வாய்ப்பாடு ஒரே நிமிஷத்தில் தப்பாகப் போய்விடுகிறது. காப்பாற்ற வேண்டிய அம்மா ஒருத்தி அங்கே இல்லவே இல்லை.

இதே கிட்மனும் ஸ்கார்ஸ்கார்டும் 2017-ல் 'பிக் லிட்டில் லைஸ்' தொடரில் கணவன் மனைவியாக நடித்தார்கள். வயது வித்தியாசம் ஒன்பது வருஷம்தான். அதைச் சொல்லிச் சிரித்தவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், அந்த அறைக்குள் நிலவும் அசிங்கமான அசௌகரியத்துக்கு அது உதவித்தான் இருக்கிறது.

* * *

இப்போது கொஞ்சம் பழைய புத்தகத்தைப் புரட்டலாம். ஷேக்ஸ்பியரில் ஹாம்லெட் அம்மாவின் அறைக்குப் போகிறான். அம்மாவைத் திட்டித் தீர்க்கிறான். அவள் கலங்குகிறாள். ஸாக்ஸோவிலும் அப்படியே. ஆம்லெத் பேசுகிறான், அம்மா கெருதா கேட்டுத் திருந்துகிறாள். மகன் வாத்தியார், அம்மா மாணவி. 1200-லிருந்து இதுதான் ஏற்பாடு. எக்கர்ஸும், அவரோடு சேர்ந்து திரைக்கதை எழுதிய ஐஸ்லாந்து எழுத்தாளர் ஸ்யோனும் செய்தது ஒரே ஒரு மாற்றம். அதே அறை, அதே இரண்டு பேர். ஆனால் அம்மா பேசுகிறாள், மகன் கேட்கிறான்.

இதற்கான விதையும் ஸாக்ஸோவிலேயே இருக்கிறது என்பதுதான் விசேஷம். அண்ணனைக் கொன்ற ஃபெங் (படத்தில் ஃப்யோல்னிர்) ஊராரிடம் ஒரு சமாதானம் சொல்கிறான். என் அண்ணன் அந்தச் சாதுவான பெண்ணை வெறுத்துக் கொடுமைப்படுத்தினான், அவளைக் காப்பாற்றத்தான் கொன்றேன் என்று. ஸாக்ஸோ இதைப் பச்சைப் பொய் என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுகிறார். 800 வருஷம் கழித்து இரண்டு பேர் அந்தப் பக்கத்தில் விரல் வைத்து, 'இது பொய்யாக இல்லாவிட்டால்?' என்று கேட்டிருக்கிறார்கள். பழைய கதையை இப்படிக் கேள்வி கேட்பவர்கள்தான் அதற்கு உண்மையான மரியாதை செய்பவர்கள்.

'இதெல்லாம் இந்தக் காலத்துப் பெண்ணியம். பத்தாம் நூற்றாண்டில் கொண்டுபோய்ச் செருகிவிட்டார்கள்' என்று உங்களில் யாராவது சொல்லக்கூடும். மூன்று சாட்சிகளைக் கூப்பிடுகிறேன்.

முதல் சாட்சி, ரத்தம். இன்றைய ஐஸ்லாந்துக்காரர்களின் மரபணுக்களை ஆராய்ந்தவர்கள் சொன்ன கணக்கு இது. 9-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே குடியேறிய ஆண்களில் நாலில் மூன்று பேர் ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்தவர்கள். பெண்களிலோ பாதிக்கு மேல், 60 சதவீதத்தை ஒட்டி, அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கத்தவர்கள். ஆண்கள் ஒரு தேசம், பெண்கள் இன்னொரு தேசம். அவர்களில் மனமொத்து வந்தவர்களும் இருந்திருக்கலாம். ஆனால் 841-ல் வைகிங்குகள் கூடாரம் போட்ட டப்ளின் நாளடைவில் பெரிய அடிமைச் சந்தையாக வளர்ந்ததையும் சேர்த்துப் படித்தால், கணிசமான பேர் எப்படிக் கப்பலேறினார்கள் என்று ஊகிக்கக் கஷ்டமில்லை. 'தி நார்த்மேன்' பெரும்பாலும் படமானது வட அயர்லாந்தில். ஐஸ்லாந்தாக நடித்த பல மலைகள் அந்தத் தீவைச் சேர்ந்தவை!

இரண்டாவது சாட்சி, ஐஸ்லாந்தின் சொந்தக் கதை. 'லாக்ஸ்தேலா சாகா' என்று 13-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது. ஹோஸ்குல்டு என்ற பண்ணைக்காரன் சந்தைக்குப் போகிறான். வரிசையாக 12 பெண்கள். ஒருத்தியைக் காட்டி விலை கேட்கிறான். மற்றவர்களை விட மூன்று மடங்கு, மூன்று மார்க் வெள்ளி என்கிறான் வியாபாரி. ஒரு குறையும் உண்டு, ஊமை என்கிறான். பரவாயில்லை என்று வாங்கிக்கொண்டு போகிறான். அவளுக்குப் பிள்ளை பிறக்கிறது. ஒரு நாள் ஓடைக்கரையில் பேச்சுக்குரல். எட்டிப் பார்த்தால், அவள் தன் குழந்தையோடு பேசிக்கொண்டிருக்கிறாள்! அப்போதுதான் சொல்கிறாள், என் பெயர் மெல்கோர்கா, அயர்லாந்து ராஜாவின் மகள், 15 வயதில் பிடித்துவந்தார்கள் என்று.

யோசித்துப் பாருங்கள். வருஷக்கணக்கில் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள். உடம்பை வாங்கியவனுக்குக் குரலைக் கொடுக்க மாட்டேன் என்று வைத்துக்கொண்டது போல. இதை எழுதியவர் எந்தப் பெண்ணியக் கூட்டத்துக்கும் போனவர் இல்லை.

மூன்றாவது சாட்சி, நேரில் பார்த்தவர். பாக்தாத் கலீஃபாவின் தூதுக்குழுவில் போன இப்ன் ஃபத்லான். 922-ல் வோல்கா நதிக்கரையில் வடக்கத்தி வியாபாரிகளின் தலைவன் ஒருவனுடைய சவச் சடங்கைப் பார்த்துக் குறிப்பு எழுதிவைத்திருக்கிறார். தலைவன் இறந்ததும் அவன் அடிமைப் பெண்களிடம், யார் கூடப் போகிறீர்கள் என்று கேட்கிறார்கள். ஒருத்தி, நான் என்கிறாள். சொன்ன பிறகு பின்வாங்க முடியாது. குடிக்கக் கொடுத்து, கப்பலில் ஏற்றி, கொல்கிறார்கள். அவள் கத்துவது மற்ற பெண்களுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று வெளியே ஆண்கள் கேடயத்தில் தட்டிச் சத்தம் எழுப்புகிறார்கள்.

சித்தி கேட்டாரே, அவளை யாராவது கேட்டார்களா என்று. ஆவணங்களைப் புரட்டினால், கேட்டதாகத் தெரிகிற சந்தர்ப்பம் இது!

ஆகவே குத்ரூனின் பேச்சு வெளியிலிருந்து ஒட்டவைத்தது அல்ல. அந்தக் காலத்துக்கு உள்ளேயே இருந்த, கேடயச் சத்தத்தில் கேட்காமல் போன குரல். எக்கர்ஸ் கொஞ்ச நேரம் கேடயம் தட்டுவதை நிறுத்தியிருக்கிறார். அவ்வளவுதான்.

* * *

இதன் அருமை தெரிய வேண்டுமென்றால் 1958-க்குப் போக வேண்டும். ரிச்சர்ட் ஃப்ளைஷர் இயக்கிய 'தி வைகிங்ஸ்'. கிர்க் டக்ளஸ், டோனி கர்ட்டிஸ், ஜேனட் லீ. நார்வேயின் நிஜ ஃபியார்டுகளில் ஜாக் கார்டிஃப் எடுத்த படங்கள் இன்றைக்கும் கண்ணுக்கு விருந்து. ஓடும் கப்பலின் துடுப்புகள் மேல் கிர்க் டக்ளஸ் 'டூப்' இல்லாமல் தாவித் தாவி நடப்பார். கொம்பு ஹெல்மெட்டும் கிடையாது, அந்த விஷயத்தில் யோக்கியமான படம். அப்பாவாக எர்னஸ்ட் போர்க்னைன், மகனாக கிர்க் டக்ளஸ். நிஜத்தில் அப்பா மகனை விட ஒன்றரை மாசம் சின்னவர்! தாடிதான் எல்லாவற்றையும் சமாளிக்கிறது.

நல்ல பொழுதுபோக்கு. மறுக்கவில்லை. ஆனால் கதை எதில் தொடங்குகிறது? போர்க்னைன் ஓர் ஆங்கில ராஜாவைக் கொன்று, ராணியைப் பலாத்காரம் செய்கிறார். அதில் பிறந்த பிள்ளைதான் டோனி கர்ட்டிஸ். கப்பலேற்றி ரகசியமாக அனுப்பப்பட்டு, வழியில் பிடிபட்டு, அப்பனின் ஊரிலேயே அடிமையாக வளர்கிறான். அவனும் கிர்க் டக்ளஸும் அண்ணன் தம்பி என்பது இருவருக்கும் தெரியாது. மீதிப் படம் முழுக்க அதுதான் 'சஸ்பென்ஸ்'.

ராணி? குழந்தை பிறந்து ஊரை விட்டு அனுப்பியதோடு அவள் வேலை முடிந்தது. கதை அவளை இறக்கிவிட்டுப் போய்விடுகிறது. பலாத்காரம் செய்தவர் தாடியும் சிரிப்புமாக ரசிகர்களின் செல்லமாகி, கையில் வாளோடு ஓநாய்க் குழிக்குள் குதித்து, வீர மரணம் எய்துகிறார். நாம் கைதட்டுகிறோம். நானும்தான் தட்டினேன்.

இரண்டு படத்திலும் ஆதாரம் ஒரே குற்றம்தான். 1958-ல் அது கதையைக் கிளப்பிவிடும் கைப்பிடி. 2022-ல் அந்தப் பெண் வாயைத் திறக்கிறாள். இதற்கு 64 வருஷம் ஆகியிருக்கிறது.

* * *

அப்படியானால் 'தி நார்த்மேன்' குறையே இல்லாத படமா? இல்லை. இங்கேதான் எனக்கும் படத்துக்கும் தகராறு.

அம்மா பேசி முடித்த பிறகு கதை அங்கேயே உடைந்து கிடக்க வேண்டும். எதற்காகப் பழி? யாருக்காக? படத்துக்கே ஒரு நிமிஷம் திகைப்பு வருகிறது. உடனே சுதாரித்துக்கொண்டு 'ரிப்பேர்' வேலையில் இறங்கிவிடுகிறது. ஓல்காவோடு ஆம்லெத் கப்பலேறித் தப்பித்துவிடுகிறான். நடுக்கடலில் அவள் கர்ப்பம் என்று தெரிகிறது, இரட்டைக் குழந்தைகள். சித்தப்பன் உயிரோடு இருந்தால் அவர்களுக்கு ஆபத்து என்று கடலில் குதித்துத் திரும்புகிறான். அப்பாவுக்காக என்று இருந்த பழி, பிள்ளைகளுக்காக என்று மாறிவிட்டது. கடையில் பில்லை மட்டும் மாற்றிப் போட்டுக்கொண்ட மாதிரி. சரக்கு அதேதான்.

திரும்பி வந்து என்ன செய்கிறான்? அம்மாவைக் கொல்கிறான். பின்னாலிருந்து சின்னப் பையன் குன்னார் அவன்மேல் பாய்ந்து குத்துகிறான். அவனையும் கொல்கிறான்.

இந்தக் குன்னார் யார்? வீட்டுக்குள் புகுந்த கொலைகாரன்மேல் பாய்கிற பத்து வயசுப் பையன். படத்தின் முதல் பத்து நிமிஷத்தில் நாம் யாருக்காக அழுதோமோ, அதே பையன். முன்பு விளையாட்டு மைதானத்தில் இந்தத் தம்பியின் உயிரை ஆம்லெத்தே காப்பாற்றியிருக்கிறான். படத்தின் எல்லா நூலும் வந்து சேரும் முடிச்சு இந்த மரணம்தான். கேமரா அங்கே நின்றிருக்க வேண்டும். அந்தக் கொட்டகை எரியும்போது ஆம்லெத் முகத்தில் நின்றதே, அந்த மாதிரி. நிற்கவில்லை. ஃப்யோல்னிர் வந்து தன் மனைவியையும் மகனையும் பார்த்துக் கலங்குகிறான், எரிமலை வாசலில் சந்திப்போம் என்று தேதி குறித்தாகிவிட்டது. அடுத்தது ஹெக்லா எரிமலை, நெருப்புக் குழம்பு, உடம்பில் துணியில்லாமல் இரண்டு ஆண்கள் வாள் சண்டை. கண்ணைப் பறிக்கிற காட்சி. பறித்துவிட்டுத் திருப்பித் தரவில்லை.

கடைசியில் ஆம்லெத் சாகிறான். வால்கிரி தேவதை குதிரையில் அவனை வால்ஹல்லா சொர்க்கத்துக்குத் தூக்கிப் போகிறாள். அதற்கு முன் ஓல்கா இரண்டு குழந்தைகளோடு இருக்கும் தரிசனம். இது நிஜமா, சாகிறவன் கண்ணில் தெரியும் ஆறுதலா? எக்கர்ஸ் சொல்வதில்லை. படம் முழுக்கவே அவர் அப்படித்தான். கல்லறைக்குள் பிணத்தோடு போட்ட சண்டைகூட நடந்ததா, மனசுக்குள்ளா என்று சந்தேகம் வைத்துத்தான் நகர்கிறார். அந்த மனிதர்கள் நம்பியதை அவர்கள் நம்பிய மாதிரியே காட்டுவேன் என்பது கொள்கை. நியாயமான கொள்கைதான். ஆனால் குத்ரூன் நம்பியது? மெல்கோர்கா நம்பியது? அவர்களும் அந்தக் காலத்து மனிதர்கள்தானே? அவர்கள் சாகும்போது எந்தக் குதிரையும் வருவதில்லை.

பணம் போட்டவர்கள் சும்மா இருந்திருக்க மாட்டார்கள் என்பதும் தெரிந்ததுதான். ஏழு கோடி டாலருக்குக் குறையாத செலவு. தனக்குப் பழக்கமில்லாத அளவுக்கு ஸ்டூடியோவின் யோசனைகளோடு படத்தொகுப்பில் மல்லுக்கட்ட வேண்டியிருந்ததைப் பற்றி எக்கர்ஸ் பேட்டிகளில் வெளிப்படையாகவே பேசினார். தியேட்டர் வசூல் செலவைத் தாண்டி லாபம் என்று சொல்லும்படி இல்லை. 'தி விட்ச்', 'தி லைட்ஹவுஸ்' என்று கைக்கு அடக்கமான படங்கள் செய்தவர், பெரிய கப்பலில் ஏறியபோது துடுப்பில் நாலு கை சேர்ந்துகொள்ளத்தான் செய்யும். அப்படியிருந்தும் அந்த அறைக் காட்சியை வெட்டாமல் கரை சேர்த்திருக்கிறாரே, அதற்காகவே நான் இந்தப் படத்தை வைகிங் படங்களின் வரிசையில் முதலில் வைப்பேன். பின்பாதிக் குறையோடு சேர்த்துத்தான்.

பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போது வேண்டாம். கொஞ்சம் நல்ல ஸ்பீக்கர் இருந்தால் உத்தமம், தோல் கருவிகளும் அடித்தொண்டைக் குரலுமாக இசையே தரையிலிருந்து வருவது போல இருக்கும். அந்த அறைக் காட்சி வந்ததும் நிறுத்திவிட்டு, படத்தின் ஆரம்பத்துக்கு ஒரு தடவை போய் வாருங்கள். ராஜா வீடு திரும்பும்போது ராணி அவரை வரவேற்கும் இடம். முதல் தடவை பார்த்தபோது அது எனக்கு ராஜ மரியாதையாகத் தெரிந்தது. இரண்டாம் தடவை கிட்மனின் முகத்தை மட்டும் பார்த்தேன். ஒரு பெண் தன் முதலாளி திரும்பி வந்துவிட்டதைப் பார்க்கும் முகம் அது. எல்லாமே அங்கேயே இருந்திருக்கிறது.

படம் முடிந்து பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தபோது சித்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்தச் சின்னப் பையனைக் கொன்னிருக்க வேண்டாம்டா" என்றார்.

"அவனும் இவனைக் குத்தினானே சித்தி?"

"அவன் அம்மாவைக் கொன்னா குத்தாம என்ன பண்ணுவான்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. எழுந்து லைட்டைப் போட்டேன்.